உப்பும் கரையும், சபையும் கலையும்

வாசகர் கேள்வி – பதில்

‘டிசால்வ்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லையும் அதன் உறவினர்களையும் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

உப்பு தண்ணீரில் கரைந்தாலும் ‘டிசால்வ்’, மக்களவையைக் கலைத்தாலும் ‘டிசால்வ்’, திருமணம் முறிந்தாலும் அதே சொல். அகராதியில் ஏழெட்டுப் பொருள் போட்டிருக்கிறார்கள். எது முதல் பொருள்? சொல் எங்கிருந்து வந்தது?
– வாசகர், திருநெல்வேலி

ஏழெட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘அவிழ்’ என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதிலிருந்தே கிளைத்து வரும்.

இலத்தீனில் ‘சொல்வெரெ’ என்றால் முடிச்சை அவிழ்ப்பது, கட்டை விடுவிப்பது. அதன் முன்னால் ‘பிரிந்து, தனித்தனியாக’ என்னும் ‘டிஸ்’ சேர்ந்து ‘டிஸ்ஸொல்வெரெ’ ஆயிற்று: அவிழ்ந்து பிரிந்து போதல். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதே இந்தப் பொருள் அகலமாகத்தான் இருந்தது. உப்புக் கட்டியில் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் அந்தப் பிடியை அவிழ்க்கிறது. சபையில் உறுப்பினர்களைச் சேர்த்து வைத்திருப்பது சட்டம். அந்தக் கட்டு அவிழ்ந்தால் சபை இல்லை. திருமணமும் கூட்டு வணிகமும் அப்படியே. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536 தொடங்கிச் சில ஆண்டுகளில் கத்தோலிக்க மடங்களை எல்லாம் மூடிச் சொத்துகளைப் பறித்துக்கொண்டதை வரலாற்று நூல்கள் மடங்களின் ‘டிஸ்ஸொலூஷன்’ என்றுதான் எழுதுகின்றன. அங்கே கரைந்தது எதுவும் இல்லை. இடிந்தவைதான் ஏராளம்.

இன்னும் ஒரு படி இறங்கினால், ‘சொல்வெரெ’யே இரண்டு துண்டுகளின் ஒட்டு. ‘விலக்கி’ என்னும் ‘ஸே’ ஒன்று (செபரேட், செலக்ட் ஆகியவற்றின் தலையில் இருப்பதும் அதுதான்). ‘தளர்த்து’ என்னும் ‘லூவெரெ’ மற்றொன்று. இந்த ‘லூ’வின் குடும்பம் பெரியது. கிரேக்கத்தில் அது ‘லிசிஸ்’. அனாலிசிஸ் என்றால் சிக்கலாகக் கிடப்பதை இழை இழையாகப் பிரித்துப் பார்ப்பது. பராலிசிஸ் என்றால் உறுப்பின் கட்டுத் தளர்ந்து போவது. 1861-இல் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் சவ்வு வழியாகக் கரைபொருள்களைப் பிரிக்கும் முறைக்கு ‘டயாலிசிஸ்’ என்று பெயர் வைத்தார். உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் ‘டயா’வும் ‘லிசிஸு’ம் கிட்டத்தட்ட ‘டிஸ்’ஸும் ‘சால்வு’ம்தான். மருத்துவமனையில் கேட்கும் சொல்லும் சமையலறையில் கேட்கும் சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை.

ஜெர்மானியக் கிளையில் வந்தவை தளர்ந்தது என்னும் ‘லூஸ்’, இழத்தல் என்னும் மற்றொரு ‘லூஸ்’, ‘ஹோம்லெஸ்’ போன்றவற்றின் வாலில் உள்ள ‘லெஸ்’. (நம் ஊரில் ஒருவரை ‘லூசு’ என்று திட்டுபவர், மரை கழன்றது என்பதைத்தான் வேறொரு மொழியின் பழைய வேர்ச்சொல்லால் சொல்கிறார்.) இன்றைய ஜெர்மன் மொழியில் ‘லோசென்’ என்ற ஒரே வினை முடிச்சை அவிழ்க்கவும், சர்க்கரையைக் கரைக்கவும், கணக்கைத் தீர்க்கவும் பயன்படுகிறது.

தமிழில் இந்த வேலை பலருக்குப் பிரிந்திருக்கிறது. உப்பு கரையும், கூட்டம் கலையும், உறவு முறியும், முடிச்சு அவிழும், கணக்குத் தீரும். மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ‘கூட்டணி கரைந்தது’ என்று செய்தியில் எழுதினால், ஆட்கள் ஒவ்வொருவராக விலகி மெல்லத் தேய்ந்தது என்ற பொருள் வரும். ஒரே அறிக்கையில் முடிந்திருந்தால் ‘கலைந்தது’ அல்லது ‘முறிந்தது’ என்பதே சரி.

‘சொல்யூஷன்’ என்றால் வேதியியலில் கரைசல், கணக்கில் தீர்வு. இரண்டும் தற்செயலாக ஒன்றானவையா?
– வாசகர், மன்னார்குடி

தற்செயல் இல்லை. கணக்கும் ஒரு முடிச்சுதான். தமிழும் இதே வழியில் யோசித்திருக்கிறது. புதிரை ‘விடுவிக்கிறோம்’, ‘அவிழ்க்கிறோம்’. ‘விடை’ என்ற சொல்லே ‘விடு’ என்பதிலிருந்து வந்தது.

எழுத்துக்கூட்டலில் மாணவர்கள் தடுமாறும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறோம். வினையில் ‘வி’ என்ற எழுத்து வருகிறது, பெயரில் அது மறைந்து ‘யு’ வருகிறது. இலத்தீனில் இவ்விரண்டும் ஒரே எழுத்து. வினையின் முடிந்த வடிவம் ‘சொலூட்டுஸ்’. அதிலிருந்து பெயர்ச்சொற்கள் பிறந்தன. ஆகவே சால்வ் – சொல்யூஷன், ரிசால்வ் – ரெசொல்யூஷன், டிசால்வ் – டிஸ்ஸொலூஷன். ‘சுழல்’ என்ற வேறொரு வேரிலிருந்து வந்த ரிவால்வ் – ரெவொல்யூஷன் இணையும் இதே சூத்திரத்தில் நடக்கிறது.

டிசால்வில் ‘எஸ்’ இரண்டு. ஒன்று ‘டிஸ்’ஸுக்கு, மற்றொன்று ‘சால்வு’க்கு. டிஸப்பியரில் ஒன்றுதான், ஏனென்றால் பின்னால் வரும் ‘அப்பியர்’ உயிரெழுத்தில் தொடங்குகிறது. பிரித்துப் பார்த்தால் பிழை வராது. உச்சரிப்பில் மட்டும் ஒரு வம்பு: வினையில் அந்த இரட்டை ‘எஸ்’ ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்தைப் போல அதிர்ந்து ஒலிக்கும். பெயர்ச்சொல்லில் அதிராமல் சாதாரண ‘ஸ’வாக இருக்கும்.

‘சாலிட்’, ‘சோலோ’, ‘சோலார்’ மூன்றும் பார்க்க இந்தக் குடும்பம் போலத் தெரியும். மூன்றும் வெவ்வேறு வீடுகள்.

என் மகளின் ஆசிரியை ‘சர்க்கரை மெல்ட் ஆகிறது’ என்று எழுதியதைத் தவறென்று அடித்துவிட்டார். சமையல் குறிப்புகளில் ‘வெல்லத்தை உருக்கி வடிகட்டவும்’ என்றே போடுகிறார்கள். உருகுவதற்கும் கரைவதற்கும் என்ன வேறுபாடு?
– வாசகி, ஈரோடு

உருகுவதற்கு ஒரு பொருளும் சூடும் போதும். கரைவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: கரைபொருள் ஒன்று, கரைப்பான் ஒன்று. ஐஸ் உருகுகிறது, வெண்ணெய் உருகுகிறது. நாக்கில் வைத்த சாக்லேட் பெரும்பாலும் உருகுகிறது. அதிலுள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அளவில் இளகும், வாயின் சூடு அதைவிட அதிகம். அதே நாக்கில் வைத்த கற்கண்டு உருகுவதில்லை, எச்சிலில் கரைகிறது. வாய் உலர்ந்திருந்தால் எவ்வளவு நேரமானாலும் அப்படியே கிடக்கும்.

மகள் தண்ணீரில் போட்ட சர்க்கரையைப் பற்றி எழுதியிருந்தால் ஆசிரியை அடித்தது சரி. கேரமலுக்காக வெறும் வாணலியில் சூடாக்கிய சர்க்கரை என்றால் ‘மெல்ட்’ பொருந்தும். வெல்லக் குறிப்பில், அரை டம்ளர் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு ‘உருக்கவும்’ என்றால் நடப்பது கரைதல்தான். வெல்லம் தண்ணீரோடு போய்விடும், மண் போகாது. வடிகட்டுவதால் பயன் கிடைப்பதே அதனால்தான்.

ஆனால் நம் ‘கரை’க்கும் அவர்களின் ‘டிசால்வு’க்கும் எல்லை ஒன்றல்ல. தோசை மாவைக் கரைக்கிறோம், புளியைக் கரைக்கிறோம். வேதியியல்படி மாவு கரைவதில்லை, தண்ணீரில் மிதந்து நிற்கிறது. கரைத்த மைதாவை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் படிந்திருக்கும். கரைந்த உப்பு ஒரு வருடம் ஆனாலும் படியாது. ஆகவே ஆங்கிலத்தில் சமையல் குறிப்பு எழுதும்போது மாவுக்கு ‘மிக்ஸ்’ அல்லது ‘விஸ்க்’. புளிக்கு ஊறவைத்துப் பிழியச் சொல்ல வேண்டும். ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்பதை மொழிபெயர்க்கும் துணிச்சல் உள்ளவர்களுக்கு எங்கள் வாழ்த்து.

கரைதிறனைக் கையால் தொட்டுப் பார்க்க மகளைக் கற்கண்டு செய்யச் சொல்லுங்கள். 100 மி.லி. தண்ணீரில் 300 கிராம் சர்க்கரை போட்டு, கிளறிக்கொண்டே, ஒரு பரல்கூடத் தெரியாத வரை சூடாக்க வேண்டும். இதைப் பெரியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும், பாகு பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். 30 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் தாங்குவது ஏறத்தாழ 220 கிராம் சர்க்கரைதான். கொதிநிலையில் 480 கிராமுக்கும் மேல் தாங்கும். ஆகவே பாகு ஆறும்போது 80 கிராம் அளவுக்கு உபரி நிற்கும். அது ஒட்டிக்கொள்ள ஓர் இடம் தேடும். பருத்தி நூலை நனைத்துச் சர்க்கரையில் புரட்டி, நன்றாகக் காயவைத்து, அடியையும் பக்கத்தையும் தொடாமல் கண்ணாடிப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். மேலே மெல்லிய துணி. ஐந்து முதல் ஏழு நாளில் நூலில் கட்டிகள் தெரியும்.

கெட்டுப்போவது எப்போதும் ஒரு சில இடங்களில்தான். நூலில் சர்க்கரை காயும் முன் சூடான பாகில் இறக்கினால் ஒட்டியிருந்த பரல்கள் கரைந்துவிடும், வெறும் நூல் தொங்கும். பாகு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே இறக்க வேண்டும். பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு பரல் ஒட்டியிருந்தாலும் உபரி முழுவதும் அங்கே போய்ப் படியும். தினமும் தூக்கிப் பார்த்து ஆட்டினால் பெரிய கட்டிக்குப் பதிலாகப் பொடியாக இறங்கிவிடும்.

இதே வேலையைச் சமையல் உப்பில் முயன்றால் ஏமாற்றம். 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் உப்பு கரையும். கொதிக்கும் நீரில் 39 கிராம், அவ்வளவுதான். ஆறவைத்து உப்பு எடுக்க முடியாது, தண்ணீரை ஆவியாக்கித்தான் எடுக்க வேண்டும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களுக்கு வெயிலும் காற்றும் அத்தனை பரப்பும் தேவைப்படுவது இதனால்தான்.

பஞ்சர் கடையில் டியூபில் தடவும் பசைக்கு ஏன் ‘சொல்யூஷன்’ என்று பெயர்?
– வாசகர், ஓசூர்

அது உண்மையிலேயே கரைசல் என்பதால். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த நாப்தா, ஹெப்டேன் போன்ற கரைப்பானில் ரப்பரைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். 1823-இல் சார்ல்ஸ் மக்கிண்டாஷ் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து இரு துணிகளுக்கு நடுவே பூசி மழைக்கோட்டுத் துணி செய்தார். பஞ்சர் கடைப் பசை அந்த வழியில் வந்தது.

கரைப்பது கந்தகம் சேர்க்காத பச்சை ரப்பரை மட்டுமே. டியூப் ரப்பர் கந்தகத்தோடு வேகவைத்தது. அதன் இழைகளுக்கிடையே கந்தகம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. நாப்தாவில் போட்டால் ஊதிப் பெருக்கும், கரையாது. அவிழாத முடிச்சு என்பதை இதைவிடக் கண்ணால் பார்க்க முடியாது.

ஒட்டும் முறை: ஓட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் கண்டுபிடித்து, டியூபை முழுதாக உலர்த்துங்கள். பேட்ச்சைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளாலோ அரத்தாலோ பளபளப்புப் போகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். சொல்யூஷனை மெல்லியதாக ஒரே பூச்சு. பிறகு நான்கைந்து நிமிடம் எதுவும் செய்யாமல் இருங்கள். ஈர மினுமினுப்புப் போய், விரலின் பின்புறத்தால் ஓரத்தைத் தொட்டால் இழை வராமல் இருக்க வேண்டும். பேட்ச்சின் அடிப்பக்கத்தை விரலால் தொடாமல் காகிதத்தை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது அந்த நான்கைந்து நிமிடத்தில்தான். கரைப்பான் போகும் முன் ஒட்டினால் அது பேட்ச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஆவியாக வழியின்றிக் குமிழிடும். ஒட்டியது போல இருக்கும், இரண்டு கிலோமீட்டரில் ஓரம் தூக்கும். தடிப்பாகப் பூசினாலும் இதே கதி. ஒருமுறை திறந்த சொல்யூஷன் டியூப் அடுத்த மாதம் கட்டியாகிவிட்டால் பெட்ரோல் விட்டுக் குழைக்காமல் புதிதாக வாங்குங்கள்.

தாசில்தார் தருவது ‘சால்வென்சி’ சான்றிதழ். தின்னர் டப்பாவில் எழுதியிருப்பது ‘சால்வென்ட்’. இவற்றுக்கும் உறவு உண்டா?
– வாசகர், சேலம்

நேரடி உறவே. ரோமானியச் சட்டத்தில் கடன்பட்டவன் கட்டப்பட்டவன். ‘ஒப்ளிகேஷன்’ என்ற சொல்லுக்குள் இருப்பது ‘கட்டு’ என்னும் வேர். கடனைச் செலுத்தினால் அந்தக் கட்டு அவிழும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சொலூஷியோ’. ஆகவே கடனை அவிழ்க்கும் வசதியுள்ளவர் ‘சால்வென்ட்’, இல்லாதவர் ‘இன்சால்வென்ட்’. ஆங்கிலத்தில் இந்தப் பணப்பொருளும் வேதியியல் பொருளும் 17-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் வந்துவிட்டன. தாசில்தார் அலுவலகத்தில் சொத்து மதிப்புச் சான்றிதழ் என்று எழுதுகிறார்கள். தமிழில் மட்டும் கதை தலைகீழ்: ரோமானியர் கடனை அவிழ்த்தார்கள், நாம் கடனைக் ‘கட்டுகிறோம்’.

தின்னரைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கறைக்கு எந்தக் கரைப்பான் என்பதில் ஒரே விதி: இனம் இனத்தைக் கரைக்கும். எண்ணெய்ப் பெயிண்டுக்கு டர்பன்டைன். எமல்ஷன் பெயிண்ட் ஈரமாக இருக்கும்வரை வெறும் தண்ணீர். பால்பாயிண்ட் மைக்கு ஸ்பிரிட். கறையின் அடியில் பழந்துணியை வைத்து, பின்புறமிருந்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் மை கரைந்து பரவிக் கறை பெரிதாகும். மஞ்சள் கறையின் நிறமி தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். மீதியை வெயில் வெளுக்கும். நெயில்பாலிஷுக்கு அசிட்டோன், ஆனால் அசிட்டேட் துணியில் வைத்தால் துணியே கரைந்துவிடும். தின்னரைத் தெர்மோகோல் குவளையில் ஊற்றினாலும் குவளை போய்விடும். எதை எடுத்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு எட்டத்தில்.

எல்லாவற்றையும் கரைக்கும் திரவம் உண்டா?
– வாசகர், புதுச்சேரி

ரசவாதிகள் அதற்கு ‘ஆல்கஹெஸ்ட்’ என்று பெயரும் வைத்துத் தேடினார்கள். 16-ஆம் நூற்றாண்டின் பாராசெல்சஸ் தொடங்கி வைத்த பெயர், அடுத்த நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் பெரிதாக வளர்த்தார். அப்படி ஒன்று கிடைத்தால் எந்தப் பாத்திரத்தில் வைப்பீர்கள் என்ற கேள்விதான் அதைக் கவிழ்த்தது.

தங்கத்தைக் கரைக்க இராஜ திராவகம் உண்டு: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. 1940-இல் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் இருந்த மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரின் நோபல் பதக்கங்களை வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெஷி, படையினர் கையில் சிக்காதபடி, இதில்தான் கரைத்து அலமாரியில் வைத்தார். போர் முடிந்ததும் கரைசலிலிருந்து தங்கம் மீட்கப்பட்டு, பதக்கங்கள் மறுபடி வார்க்கப்பட்டன. கரைந்தது அழிந்ததாகாது என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த எடுத்துக்காட்டு இல்லை.

ஆட்சிக் கலைப்பு, சட்டமன்றக் கலைப்பு, ஒத்திவைப்பு – செய்திகளில் குழப்புகிறார்கள். ஆங்கிலத்தில் எது ‘டிசால்வ்’?
– வாசகர், மதுரை

சட்டமன்றக் கலைப்பு மட்டுமே. அன்றைய அமர்வை ஒத்திவைப்பது சபாநாயகர். கூட்டத்தொடரை முடித்துவைப்பதும், சட்டமன்றத்தையே கலைப்பதும் அரசமைப்பின் 174-ஆம் பிரிவின்படி ஆளுநர். மக்களவைக்கு 85-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர். மாநிலங்களவையைக் கலைக்கவே முடியாது (83-ஆம் பிரிவு).

விளைவில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கூட்டத்தொடர் முடிந்தால் நிலுவை மசோதாக்கள் உயிரோடு இருக்கும். சட்டமன்றம் கலைந்தால் அங்கு நிலுவையில் இருந்தவை காலாவதியாகும். உறுப்பினர்கள் பதவி இழப்பார்கள். சபாநாயகர் மட்டும், புதிய சட்டமன்றத்தின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்புவரை நீடிப்பார்.

‘ஆட்சிக் கலைப்பு’ என்று நாம் சொல்வது 356-ஆம் பிரிவின்படி அமைச்சரவையை நீக்குவது. ஆங்கிலத்தில் அது ‘டிஸ்மிஸ்’. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் நடந்தது இது. 1971 ஜனவரியில் நடந்தது வேறு. முதலமைச்சரின் பரிந்துரைப்படி சட்டமன்றம் முன்கூட்டியே கலைக்கப்பட்டு மக்களவையோடு சேர்த்துத் தேர்தல் வந்தது. சபை போயிற்று, அமைச்சரவை இருந்தது. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, 356-ஐப் பயன்படுத்தினாலும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்க முடியாது. அதுவரை முடக்கி மட்டும் வைக்கலாம்.

படத்தொகுப்பில் ‘டிசால்வ்’ என்பது எங்கிருந்து வந்தது?
– வாசகி, சென்னை

சினிமாவுக்கு முன்பிருந்து. 19-ஆம் நூற்றாண்டின் மாய விளக்குக் காட்சிகளில் (கண்ணாடிப் படங்களை விளக்கொளியால் திரையில் காட்டுவது) இரண்டு விளக்குகளை ஒரே திரையில் குவித்து, ஒன்றைத் தணித்து மற்றொன்றைக் கூட்டுவார்கள். ‘டிசால்விங் வியூஸ்’ என்பது அந்த வித்தையின் பெயர். இன்றைய மென்பொருளில் 24 சட்டக (ஃபிரேம்) டிசால்வை வெட்டின் நடுவில் வைத்தால், முதல் ஷாட்டின் முடிவுக்குப் பின்னும் இரண்டாவதன் தொடக்கத்துக்கு முன்னும் 12 சட்டகங்கள் கூடுதலாக இருக்க வேண்டும். நடிகர் பேசி முடித்த நொடியிலேயே ‘கட்’ சொல்லிவிட்டால் அந்த மிச்சம் இருக்காது. உறைந்த படம் வந்து நிற்கும்.

‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ – இந்தக் கரைதலும் அதுதானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை. இங்கே கரைதல் கூவி அழைத்தல். கிடைத்த இரையை ஒளிக்காமல் இனத்தை அழைத்து உண்ணும் என்பதே பரிமேலழகர் உரையும். ‘கரவா’ என்பது மறைக்காமல். குறளில் உள்ள காக்கை எதையும் தண்ணீரில் போடவில்லை.